பட்டுத்தலை அக்காவின் தலைக்கட்டு

உலகத்தில் எல்லோரும் தங்களுக்குத் தூக்கம் வந்தால் படுப்பார்கள். தன் தலைமுடிக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று படுத்தவர் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி இன்னொருத்தர் கிடைக்க மாட்டார். ஒருவேளை கிடைத்துவிட்டால் தயவு செய்து எனக்குச் சொல்லாதீர்கள். ஒருத்தரைப் பார்த்து அதிர்ந்ததே எனக்கு இந்த ஜன்மத்துக்குப் போதும்.

அவரைப் பட்டுத்தலை அக்கா என்போம். சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அது கூரியர் கொண்டுவருகிறவருக்கு மட்டும்தான் பயன்பட்டது.

புதுக்கோட்டையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியில் நானும் அவரும் ஒரே அறை. நான் அரிமளத்திலிருந்து வந்து ஒரு டைல்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஊர் நார்த்தாமலைப் பக்கம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இருசக்கர வாகன ஷோரூம் ஒன்றில் வேலை. ஸ்கூட்டர் வாங்கும் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் பொறுப்பு. ஊருக்கு வெளியே கலர் அடித்த கல்லாக நட்டுப்போட்டிருக்கும் வீட்டுமனைப் பிளாட்டுக்கு அவர்களை அழைத்துப்போய், "பிரேக்க விடுங்க, விடுங்க, விடுங்க... ஐயோ, இப்பப் பிடிங்க!" என்று பின்னாலேயே ஓடுவார். எவ்வளவு ஓடினாலும் தலையில் ஹெல்மெட் இருக்கும். வண்டியில் இருப்பவருக்கு ஹெல்மெட் சரி, பின்னால் ஓடுகிறவருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஹெல்மெட்டுக்குள் முடி இருந்தது. அதுதான் காரணம்.

முதலில் அந்த முடி இப்படி இல்லை. நான் விடுதிக்கு வந்தபோது அக்காவுக்குச் சுருட்டை முடி. சும்மா சுருட்டை இல்லை, சீப்பை விட்டால் பல்லைப் பிடுங்கிக்கொண்டு காம்பை மட்டும் திருப்பித் தருகிற சுருட்டை. பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில் அவருக்குப் பின்னால் நின்ற பிள்ளை யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"பின்னால இருக்கவளுக்கு போர்டு மறைக்குதுன்னு என்னையக் கடைசி பெஞ்சுல போட்டாங்கடி. நல்லாப் படிக்கிற பிள்ளை நான்" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

திடீரென்று ஒரு வாரக் கடைசியில் திருச்சிக்குப் போய்விட்டு வந்தார். வாசலில் வார்டன் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"யாரும்மா நீ? ரூமு ஒண்ணும் காலி இல்லையே."

"அம்மா, நாந்தான்."

"நாந்தான்னா யாரு?"

"நாந்தாம்மா. ஆறாம் நம்பர் ரூமு."

குரலை அடையாளம் கண்டதும் வார்டன் அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் ஓடிவந்து பார்த்தேன். இஸ்திரி போட்டுத் தொங்கவிட்ட மாதிரி முடி நேராக இடுப்புவரை இறங்கிக் கிடந்தது. இத்தனை நாள் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவருக்குக் காது இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முடியை நேராக்கிவிட்ட பார்லரில் மூன்று நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது, கட்டக்கூடாது, கிளிப் மாட்டக்கூடாது, காதுக்குப் பின்னால்கூட ஒதுக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா அதற்கும் மேலே ஒருபடி போனார். தலையையே ஆட்டவில்லை. சோறு வேண்டுமா என்று கேட்டால் கட்டை விரலை நிமிர்த்துவார். வேண்டாம் என்றால் கவிழ்ப்பார்.

நாலாவது நாளோடு இந்தக் கூத்து முடிந்துவிடும் என்று நினைத்த நான் ஒரு முட்டாள். அது வெறும் வாசல் கோலம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு அறைக்கு வருகிறேன், உள்ளே கரக் கரக் என்று கத்திரிக்கோல் சத்தம். அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் அரக்கு நிறப் பட்டுச்சேலை. பெரியவளானதற்கு அவருடைய தாய்மாமன் சீராகக் கொண்டுவந்து வைத்த சேலை. பெட்டிக்கு அடியில் பழைய வேட்டி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அது இப்போது இரண்டாக இருந்தது.

நான் வாசலிலேயே நின்று கத்தினேன். "அக்கா! தாய்மாமன் சீரு அக்கா!"

"கத்தாதடி. பருத்தி உறையில தலைய வச்சா அது முடியப் பிடிச்சு இழுக்குமாம், உடைஞ்சு போகுமாம். பட்டுன்னா வழுக்கிவிட்ருமாம். இங்க பாரு, அசல் பட்டுதானான்னு நூலக் கொளுத்திப் பாத்துட்டேன். முடி கருகுற வாசம் வருது."

"அதுக்காகச் சீர்ச் சேலையவா?"

"மாமா எதுக்குச் சீரு கொண்டாந்தாரு? என் தலைக்குத் தண்ணி ஊத்துனதுக்குத்தானே. சேலையும் தலைக்கே இருந்துட்டுப் போகட்டும்."

சேலையின் சரிகை இல்லாத உடல் பகுதியில் அக்கா தலையணை உறை ஒன்று, தொப்பி இரண்டு, நீளமான பட்டைத் துணி சில தைத்துக்கொண்டார். சரிகை குத்தும் என்று கரையைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டார். வீணாக்க வேண்டாம் என்று அதை மொட்டை மாடியில் கொடியாகக் கட்டினார். சரிகைக் கரையில் உள்பாவாடை காயப்போட்ட விடுதி தமிழ்நாட்டில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். செய்தி நார்த்தாமலைக்குப் போனதும் அக்காவின் அம்மா போட்ட சத்தம் போன் இல்லாமலே புதுக்கோட்டைக்குக் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து பட்டுத்தலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் தலைக்கட்டு ஆரம்பமாகும்.

முதலில் முடி காய்ந்திருக்கிறதா என்ற விசாரணை. ஈரத்தோடு படுத்தால் முடி உடையும் என்பது அக்காவின் வேதம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொள்வார். கரண்ட் போனால் காலண்டர் அட்டை என் கைக்கு வந்துவிடும். தன் தலையோடு விட்டாலும் பரவாயில்லை, என் தலையையும் அவரே குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். நான் குளித்துவிட்டு வந்து அசதியில் சாய்ந்தால் போதும்.

"தலை காஞ்சிருச்சாடி?"

"காஞ்சிருச்சு அக்கா."

கிட்டே வந்து வேரில் விரலை விட்டுப் பார்ப்பார். "பொய் சொல்ற. எந்திரி. ஈரத்தலையோட படுக்க விடமாட்டேன்." என் முடி எலி வால். அது உடைந்தால் எலிக்குக்கூட நஷ்டம் இல்லை. ஆனாலும் அது காயும்வரை எதிரே உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு எந்தக் கல்லில் எந்த அம்மா வண்டியை விட்டார், யார் வாய்க்காலுக்குள் போனார் என்று ஒவ்வொன்றாக வரும். காய்ந்த பிறகுதான் எனக்கு விடுதலை.

அப்புறம் தன் வேலைக்கு வருவார். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுப்பார். ஏதோ ஒரு சீரத்தில் ஒரே ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்துத் தடவுவார். முடியைத் தலையைச் சுற்றி வளைத்துப் படிய வைப்பார். அதற்கு மேலே பட்டுத் தொப்பி. இதுவரைக்கும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. இதற்குப் பிறகுதான் கூத்து ஆரம்பிக்கும்.

தூக்கத்தில் தொப்பி நழுவி, முடி மடங்கி, மறுபடி சுருண்டுவிட்டால்? அந்தப் பயத்தில் நீளப் பட்டைத் துணியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுவார். மறுமுனையை நெற்றியில் வைத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போய்விடுவார். அங்கிருந்து தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, பம்பரம் மாதிரி ஜன்னலை நோக்கி வருவார். சுற்றச் சுற்றத் துணி தலையில் இறுகும். ஜன்னலை வந்து அடையும்போது புருவம் இரண்டும் மேலே ஏறி நிற்கும். இமையை முழுசாக மூட முடியாது. முகத்தில் எதையோ கண்டு திகைத்த பார்வை நிரந்தரமாகத் தங்கிவிடும். அதிர்ச்சி அடைய வேண்டியவள் நான், அதிர்ந்த முகம் அவருக்கு.

"வலிக்கலையா அக்கா?"

"வலிச்சாத்தான்டி கட்டு நிக்குதுன்னு அர்த்தம்."

முதல் நாள் விடிகாலையில் கண் விழித்த நான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அரக்குத் துணி சுற்றிய தலை ஒன்று மல்லாந்து கிடக்கிறது, கண் பாதி திறந்திருக்கிறது, அசைவே இல்லை. நான் போட்ட அலறலில் வார்டன் அம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்தார். அவர் பார்த்துவிட்டு என்னைவிடப் பெரிதாக அலறினார். அக்கா மட்டும் அசையாமல், "ஆட்டாதீங்க, கட்டு கலைஞ்சிரும்" என்றார்.

வார்டன் அம்மாவுக்கும் அக்காவுக்கும் தினமும் ஒரு சண்டை நடந்தது. அக்கா மின்விசிறிக்குக் கீழே முடியை விரித்துப்போட்டு உட்காரும் நேரமும், வார்டன் அம்மா சாமிக்கு விளக்கேற்றும் நேரமும் ஒன்று. அதுதான் வினை.

"வெளக்கு வச்ச பெறகு தலைய விரிச்சுப் போட்டு ஒக்காராதன்னா கேக்குறியா நீ? வீடு வெளங்குமா?"

"காயணும்மா."

"காயட்டும். நுனியிலயாவது ஒரு முடிச்சப் போடு."

எங்கள் பக்கம் தலை குளித்த எந்தப் பெண்ணும் செய்வதுதான். முடியை விரித்துக் காயவிட்டாலும் நுனியில் சின்னதாக ஒரு முடிச்சு இருந்தால் அது விரித்த தலை ஆகாது. அக்கா போடமாட்டேன் என்று சொல்லவில்லை. போட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முடிச்சு தானாக நழுவி, மெதுவாக அவிழ்ந்து, முடி நேராகத் தொங்கியது.

வார்டன் அம்மாவின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. கிட்டே வந்து தன் கையால் இரட்டை முடிச்சாகப் போட்டார். அதுவும் நழுவி அவிழ்ந்தது.

"ஆத்தாடி! முடியில உசுரு இருக்குடி இவளுக்கு!"

ஓடிப்போய்த் திருநீற்றுத் தட்டை எடுத்துவந்து அக்காவின் நெற்றியில் அழுத்திப் பூசினார். அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் அக்காவுக்குத் திருநீறு. அக்காவும் முடிச்சுக்குப் பதில் இது தேவலை என்று நெற்றியை நீட்டிவிடுவார். அந்தத் திருநீறுதான் பிற்பாடு உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

இந்த நேரத்தில்தான் விராலிமலை அம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். விராலிமலையில் ஹைவே ஓரம் டிபன் கடை நடத்துகிறவர். ஐம்பது வயதில் ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். புதுக்கோட்டையில் தங்கை வீட்டில் தங்கி வகுப்புக்கு வந்தார். வண்டியில் பிரேக்கைத் தவிர எல்லாவற்றையும் பிடிப்பார். கல்லில் மோதி விழுந்தாலும் பேச்சு மட்டும் நிற்காது.

"எனக்கு ரெண்டும் பயலுகம்மா. ஒரு பொம்பளப் பிள்ளை இல்ல. பின்னிப் பூ வச்சுப் பாக்கணும்னு அம்புட்டு ஆசை. வர்ற மருமகளுக்குத்தான் என் கையால வைக்கணும்" என்பாராம், கீழே கிடந்தபடியே.

மூத்த பையன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறவர். லீவில் வந்திருந்தார். அம்மாவை அழைத்துப்போக ஒருநாள் பிளாட்டுக்கு வந்தார், மறுநாள் வந்தார், அதற்கடுத்த நாள் வகுப்பே இல்லாதபோதும் வந்தார். வீட்டில் கலந்து பேசி, பெண் கேட்டு நார்த்தாமலைக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்த விதமே வேறு மாதிரி இருந்தது.

"அவரு என்னைய ஹெல்மெட்டோட பாத்தே சரின்னுட்டாருடி. அந்த அம்மாவும் என் தலைய போட்டோவுலதான் பாத்துருக்காங்க, நேர்ல பாக்கல. பூ வச்சு நிச்சயம் பண்ண வர்றாங்க. அவங்க கை என் தலையில படுறப்ப முடி நல்லா இருக்கணும். அதுக்குள்ள ஒண்ணுகூட உடையக் கூடாது."

அவ்வளவு ஆசையை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை. ஆசை அதிகமானதும் மனுஷி என்ன செய்தார்? ஜன்னல் கம்பியில் ஒரு பட்டைக்குப் பதில் இரண்டு பட்டையைக் கட்டினார். இரண்டு மடங்கு இறுக்கினார்.

சில வாரம் போனது. ஒருநாள் வார்டன் அம்மா வழக்கம்போலத் திருநீறு பூச வந்தார். பூசினார். கையை எடுத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"ஏண்டி, முந்தி ஒன் நெத்தியில மூணு விரலு வைக்க எடம் இருக்காது. இப்ப உள்ளங்கையவே வைக்கலாம் போல இருக்கு!"

நான் விளக்கைப் போட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். முன்பக்கம் காதிலிருந்து காதுவரை, கட்டு உட்காரும் இடம் முழுக்க முடி உதிர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது அரைகுறையாக ஒடிந்து, அறுத்த வயலில் தாள் நிற்பதுபோல நின்றது. தினமும் பார்க்கிற எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது? எந்நேரமும் ஒன்று ஹெல்மெட், இல்லையென்றால் தொப்பி. கண்ணாடியில் அக்கா பார்ப்பது பின்னால் தொங்குகிற நீளத்தை மட்டும்.

அக்கா நெற்றியைத் தடவிப் பார்த்தார். அன்று முதல் முறையாக என் தலை காய்ந்ததா என்று கேட்கவில்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

மறுநாள் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ராத்திரியில் என்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டார். அக்கா வாயால் சொல்லவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து, ஒரு முனையை டாக்டரின் மேசைக் காலில் கட்டி, சுவரோரம் போய், சுற்றிக்கொண்டே வந்து காட்டினார். டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார்.

"தினமுமா?"

"தினமும் டாக்டர்."

டாக்டர் கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்தார். "நல்லாக் காய வச்சுட்டுப் படுக்கிறீங்க பாருங்க, அது சரி. பட்டு உறை போட்டீங்க பாருங்க, அதுவும் சரி. நுனியிலருந்து சீவுறதும் சரி. இந்த இறுக்குறது இருக்கு பாருங்க, அது பூராம் தப்பு. வேரோட இழுத்துருக்கீங்க. முடி எங்கிட்டும் ஓடிப் போகாதும்மா, அதைக் கட்டிப்போட வேண்டாம். தளரப் பின்னி, துணியால லேசா ஒரு கட்டு, அம்புட்டுத்தான். சீக்கிரமா வந்துட்டீங்க, வேரு போகல, திரும்ப மொளைக்கும்."

"நேரா மொளைக்குமா டாக்டர்?"

"ஒங்களுக்குப் பொறந்ததுல என்ன முடியோ அதுதான் மொளைக்கும்."

பூ வைக்க வரும் நாள் கிட்டத்தில் இருந்தது. விராலிமலை அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிடுவதாக அக்கா சொன்னார். நார்த்தாமலையிலிருந்து அவருடைய அம்மா தடுத்துவிட்டார். "முடி கொட்டுற பொண்ணுன்னு நீயே தமுக்கு அடிப்பியா? பேசாம இரு. நான் சவுரி வச்சுப் பின்னிவிடுறேன். முன்னாடி நெத்திச்சுட்டி மறைச்சுரும். யாருக்குத் தெரியப்போகுது?"

நானும் வார்டன் அம்மாவும் விசேஷத்துக்குப் பஸ் ஏறிப் போனோம். அக்காவை மணையில் உட்காரவைத்திருந்தார்கள். சவுரி வைத்துப் பின்னிய சடை தொடைவரை தொங்கியது, நுனியில் குஞ்சலம். ஒடிந்த முடி தெரியாமல் நெற்றிச்சுட்டி அகலமாக உட்கார்ந்திருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வார்டன் அம்மா மட்டும் என் காதில், "முடிச்சே நிக்காத முடியிலடி சவுரி வச்சிருக்காங்க" என்றார்.

விராலிமலை அம்மா கூடையைத் திறந்தார். விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து தன் கையாலேயே கட்டிய மல்லிகைச் சரம். பந்து பந்தாக இருந்தது. கண்ணில் தண்ணீர் நிற்க, அக்காவின் தலையில் வைத்தார். கையை எடுத்தார். சரம் வழுக்கிக்கொண்டு வந்து அக்காவின் மடியில் விழுந்தது.

கூடத்தில் யாரோ "அச்சச்சோ" என்றார்கள். பூ வைக்கிற அன்றைக்கு வைத்த பூ விழுந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லத் தேவையும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் தொண்டையைச் செருமினார்.

விராலிமலை அம்மா கொண்டை ஊசி வாங்கி மறுபடி வைத்தார். இந்த முறை பூ உடனே விழவில்லை. ஊசியும் பூவுமாகச் சேர்ந்து மெதுவாக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அங்குலம் அங்குலமாக இறங்கி வந்து விழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது முறை அந்த அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இடது கையால் சடையை மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் பூவைச் செருகினார். ஸ்கூட்டரிலும் அவர் பிடித்தால் அப்படித்தான் பிடிப்பார். சடை, குஞ்சலம், பூ எல்லாம் மொத்தமாக அவர் கையோடு வந்துவிட்டது.

அக்காவின் அம்மா சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டார். வார்டன் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. விராலிமலை அம்மா கையில் சடையைத் தூக்கிப் பிடித்தபடி, பாம்பைப் பிடித்துவிட்டு எங்கே விடுவது என்று தெரியாதவர்போல நின்றார்.

"என்னம்மா இது?" என்று கேட்டார். "பொய் முடிக்கா நான் விடியக்காலையிலருந்து ஒக்காந்து பூக் கட்டுனேன்? ஒன்னையப் பிள்ளையா நெனச்சேனே, எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

அக்கா எழுந்தார். நெற்றிச்சுட்டியைத் தானே கழற்றினார். அத்தனை பேருக்கு முன்னால் அந்த ஒடிந்த முடியைக் காட்டிக்கொண்டு நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை.

"தப்புத்தான் அயித்தை. எனக்கு நோவு எதுவும் இல்ல. நேராக்குன முடி கலையக் கூடாதுன்னு ராத்திரியில இறுக்கி இறுக்கிக் கட்டுனேன். ஒங்க கை படுறப்ப நல்லா இருக்கணும்னு இன்னும் இறுக்குனேன். அதுல கொட்டிருச்சு. திரும்ப மொளைக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா இப்படி நேரா மொளைக்காது. எனக்குப் பொறந்ததே சுருட்டை. போட்டோவுல நீங்க பாத்த முடி எனக்கு இனிமே வராது. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

ஒன்றும் நினைக்காதவருக்குக் கண்ணிலிருந்து அப்படித் தண்ணீர் கொட்டுமா என்ன.

விராலிமலை அம்மா சடையைக் கூடையில் வைத்தார். கிட்டே வந்து அக்காவின் தலையைக் குனியவைத்து, விரலால் வகிட்டைப் பிரித்துப் பார்த்தார். அடியில் புதுசாக முளைத்த முடி விரல் கடை அளவுக்குக் கறுகறுவென்று சுருண்டு நின்றது.

"சுருட்டையா?"

"ஆமா அயித்தை."

"சுருட்டைன்னா... வச்ச பூவு விழாதுல்ல?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "விழாது அயித்தை. சீப்பே விழாது."

முதலில் சிரித்தது வார்டன் அம்மாதான். அப்புறம் கூடமே சிரித்தது. செருமிய பெரியவர்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். விராலிமலை அம்மா சிரிப்பும் அழுகையுமாக, "மொளைக்கட்டும்மா. பூவுக்கென்ன, நான் தினமும் கட்டுவேன்" என்றார்.

அன்றைக்கு எப்படிப் பூ வைப்பது என்று பார்த்தபோது, என் கைப்பையில் ஒரு பட்டைத் துணி கிடந்தது. டாக்டரிடம் போய் வந்த அன்று அக்காவிடமிருந்து நான் பிடுங்கி வைத்த தாய்மாமன் சேலைத் துண்டுதான். அதை எடுத்துக் கொடுத்தேன். இருந்த கொஞ்ச முடியைத் தளரப் பின்னி, பூவையும் சேர்த்து அந்தத் துணியால் அந்த அம்மாவே கட்டினார். கட்டும்போது நாலு தடவை கேட்டார்: "இறுக்குதாம்மா?" நாலு தடவையும் அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் தாராளமாகத் தலையை ஆட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கல்யாணம் முடிந்து அக்கா இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். முடி பழையபடி சுருண்டு, வீடியோ காலில் பாதித் திரையை அடைத்துக்கொள்கிறது. லீவுக்கு லீவு ஊருக்கு வரும்போது மாமியார் அதில் முழம் முழமாகப் பூவைச் செருகுகிறார், ஒரு பூகூட விழுவதில்லையாம். மஸ்கட் போகும்போது அக்கா அந்தப் பட்டுத் தலையணை உறையை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். என் எலி வால் அதில்தான் படுத்துத் தூங்குகிறது.

சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும். சாப்பிட்டாயா, வேலை எப்படி என்றெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "தலை காஞ்சிருச்சாடி?"

காய்ந்துவிட்டது என்று சொன்னால், சரி படு என்று போனை வைத்துவிடுவார். ஈரம் என்றால் காயும்வரை பேசிக்கொண்டிருப்பார். அதனால், நன்றாகக் காய்ந்த தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டே நான் தினமும் சொல்கிறேன், "இன்னும் ஈரமாத்தான் இருக்கு அக்கா."